கடலில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்: இலங்கைக்கு ஒரு குழுவை அழைத்துப்போக முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்தில் 13 பேரை இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸவுக்குக் கூட்டிப்போய், திமிங்கலம் பார்க்கலாம் என்று விடியற்காலை 5 மணிக்கு எழுப்பித் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தேன். கடல் கொந்தளிப்பால் படகு கிளம்பாது என்றார்கள். பேசாமல் திரும்பி வந்தோம். படகுக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதத்தில் தென்மேற்குக் கரைக்குப் போனது நான்தான்.

அதன் பிறகு பல குழுக்களோடு போயிருக்கிறேன், முதல்முறை குழு நடத்துபவர்களுக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்தான். பிடித்த இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டு, அப்புறம் அவற்றை நாட்களுக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். பண்பாடு, காடு, கடல் மூன்றும் வேண்டுமென்றால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கீழே உள்ளது 8 முதல் 16 பேர் வரையிலான குழுவுக்கு, 10 முதல் 12 நாள் பயணத்துக்கு.

1. முதலில் மாதம், அப்புறம் கரை, பிறகுதான் இடங்கள்

இலங்கையில் இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் கொழும்பு, காலி, மிரிஸ்ஸ பக்கத்தையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம் திருகோணமலை, மட்டக்களப்பு பக்கத்தை நனைக்கும். ஒரு கரை மூடியிருக்கும்போது இன்னொரு கரை திறந்திருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்பட்டால், ஏதோ ஒன்றில் மழையில்தான் நிற்பீர்கள்.

மாதம் முடிவானால் கரை முடிவாகும். கரை முடிவானால் காடும் முடிவாகும்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் தெற்கு வட்டம்: சீகிரியா பாறைக்கோட்டை, பொலன்னறுவை, கண்டி, எல்ல என்ற மலையூர், யால காடு, மிரிஸ்ஸ, காலி.

மே முதல் செப்டம்பர் வரை என்றால் கிழக்கு வட்டம்: கண்டி, சீகிரியா, மின்னேரியா, திருகோணமலை, அனுராதபுரம், வில்பத்து காடு, நீர்கொழும்பு. ஜூலைக்கு மேல் போனால் மின்னேரியாவில் யானைக் கூட்டம் கிடைக்கும். மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் அது. வறட்சியில் தண்ணீர் வடிய வடியக் குளத்தின் படுகையில் புதுப்புல் முளைக்கும். அதை மேயத்தான் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் மாலையில் இறங்கி வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் அதிகம். இதே குளத்துக்கு ஜனவரியில் போனால் தண்ணீர்தான் தெரியும்.

யாலவுக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லாரும் போகும் முதல் வட்டாரத்தைப் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை வறட்சிக்காக மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் தெற்கே போக வேண்டியிருந்தால் உடவளவை தேசியப் பூங்காவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டு முழுக்க யானை பார்க்கலாம்.

தேதி குறிக்கும் முன் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்றும் பாருங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. விகாரைகளில் கூட்டம் நெரியும், மது விற்பனை இருக்காது. கண்டி எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழா ஜூலை, ஆகஸ்டில் வரும். அதைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்த நாட்களில் கண்டியைத் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை ஏறிவிடும், மாலையில் சாலைகள் அடைபடும்.

2. குழுவின் முட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

யார் வருகிறார்கள் என்று கேட்பது போதாது. யாரால் எவ்வளவு ஏற முடியும் என்று கேளுங்கள். சீகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை போய்ச் சுற்றி வர 9 கிலோமீட்டர், அதுவும் 2,100 மீட்டர் உயரத்தில். "மெதுவா ஏறிடுவேன்" என்று சொல்லும் பெரியவர்கள் பாதியில் உட்கார்ந்தால், அவர்களோடு ஒருவர் கீழே இறங்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஊரிலேயே முடிவுசெய்துவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் எல்லாரும் மேலே பார்ப்பார்கள்.

கேட்க வேண்டிய மற்ற நான்கு: அன்றாட மருந்து, வண்டியில் வாந்தி வருமா, சைவமா அசைவமா, யாரோடு அறை பகிர்ந்துகொள்வார். கடைசிக் கேள்வியைக் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். முதல் இரவு வரவேற்பறையில் சாவியை வைத்துக்கொண்டு முழிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

3. வழிகாட்டியும் வண்டியும்

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுத்த வழிகாட்டிகளில் தேசிய வழிகாட்டி, ஓட்டுநர் வழிகாட்டி, பகுதி வழிகாட்டி, இட வழிகாட்டி என்று வகைகள் உண்டு. ஓட்டுநர் வழிகாட்டி குடும்பத்துக்குப் போதும். குழுவுக்கு ஓட்டுநர் தனி, தேசிய வழிகாட்டி தனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்த இடம் தேடுபவரே டிக்கெட் வரிசையிலும் நிற்க முடியாது, 14 பேரையும் எண்ண முடியாது. தமிழில் பேசுபவர் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உரிம அட்டையின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டி விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, 14 பேருக்கு 14 இருக்கை பார்ப்பது. பெட்டிகள் எங்கே போகும்? கோஸ்டர், ரோசா போன்ற சிறு பேருந்தை எடுத்துப் பின் இருக்கைகளைச் சாமானுக்கு விட்டுவிடுங்கள். ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் இரவு தங்க இடமும் சாப்பாடும் விடுதி தருகிறதா, நீங்கள் தர வேண்டுமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தூங்காத ஓட்டுநரோடு எல்ல மலைப்பாதையில் இறங்க நான் தயாராக இல்லை.

தூரத்தை நம் ஊர் நாற்கரச் சாலைக் கணக்கில் போடாதீர்கள். அதிவேகச் சாலை தவிர மற்ற இடங்களில் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் என்று வைத்தால் சரியாக வரும். சீகிரியாவிலிருந்து கண்டி 90 கிலோமீட்டர்தான், நடுவில் எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரம் எடுக்கும்.

4. காகிதங்கள்

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும். மின்னணுப் பயண அனுமதியை அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள். அதேபோலத் தோற்றம் காட்டி கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசையிலேயே எழுத வேண்டும். இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதுவது நம் ஆட்களின் தீராத வழக்கம். விமான டிக்கெட், அனுமதி, பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒருவரே எல்லாருடையதையும் சரிபார்க்கட்டும்.

எல்லார் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். தொல்லியல் இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள். குழுவில் கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர் இருந்தால் அவருக்கு முழு வெளிநாட்டுக் கட்டணம். இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். சீகிரியா வாசலில் சொன்னால் முகம் மாறும்.

5. நாட்களை அடுக்குவது

இங்கேதான் பயணம் நிற்பதும் விழுவதும். நான் பார்த்த திட்டங்களில் பாதி, விடியற்காலைகளை எண்ணாமல் போட்டவை.

சீகிரியா வெயிலுக்கு முன் ஏற வேண்டும், அதனால் காலை 6 மணிக்குள் கிளம்ப வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் 9, 10 மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி உலக முடிவை மறைத்துவிடும். அதனால் நுவரெலியாவில் 5 மணிக்கே புறப்பாடு. யாலவின் கதவு 6 மணிக்குத் திறக்கும், அதற்கு முன் வரிசையில் நிற்க விடுதியிலிருந்து 5 மணிக்கு. மிரிஸ்ஸ படகு காலை 6, 6.30க்கு. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கிறது. நான்கையும் அடுத்தடுத்து வைத்தால் மூன்றாம் நாள் குழுவில் சண்டை வரும். சண்டை எதற்கு என்று பார்த்தால் தேங்காய்ச் சட்னிக்காக இருக்கும், உண்மைக் காரணம் தூக்கம்.

விதி இதுதான்: இரண்டு விடியல் தொடர்ச்சியாக வரலாம், மூன்றாவது வரக் கூடாது. தெற்கு வட்டத்தை நான் அடுக்கும் விதம் இது.

முதல் நாள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி நேராக ஹபரண அல்லது சீகிரியா. நான்கு மணி நேரப் பயணம். கொழும்பை முதலில் பார்க்காதீர்கள், போக்குவரத்திலேயே நாள் போய்விடும்.

2ஆம் நாள் காலையில் சீகிரியா, மதியம் ஓய்வு. 3ஆம் நாள் பொலன்னறுவை, மாலையில் யானை பார்க்க ஜீப். 4ஆம் நாள் தம்புள்ளை வழியாகக் கண்டி, தலதா மாளிகையில் மாலைப் பூசை. 5ஆம் நாள் கண்டியில் நிதானமாக. 6ஆம் நாள் மலைரயிலில் எல்ல.

7ஆம் நாள் ஒன்றும் கிடையாது. "ஒரு நாள் வீணாகிறதே" என்று யாராவது சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். துணி துவைக்கவும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கவும் அந்த நாள் வேண்டும்.

8ஆம் நாள் யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராம, மாலையில் கதிர்காமம். 9ஆம் நாள் விடியலில் யால. 10ஆம் நாள் மிரிஸ்ஸ. 11ஆம் நாள் விடியலில் திமிங்கலம், மாலையில் காலிக் கோட்டை. 12ஆம் நாள் திரும்புதல். ஹோர்ட்டன் சமவெளி இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றால் நுவரெலியாவில் ஒரு இரவு கூட்டுங்கள், வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

மலைரயில் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பதிவு 30 நாள் முன் திறக்கும், சீக்கிரம் தீரும். ஒரு குழு முழுக்க ஒரே பெட்டியில் கிடைப்பது அதிர்ஷ்டம். மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு. பேருந்து வெறுமையாக மலையேறி எல்லவில் காத்திருக்கட்டும், சாமான் அதிலேயே போகட்டும். ரயில் இல்லையென்றாலும் பயணம் நிற்காது. எல்லவில் மலைமேல் இருக்கும் விடுதிகளுக்குப் பேருந்து ஏறாது என்பதால் சாலையோர விடுதியாகப் பாருங்கள்.

6. பொதுப் பணப்பெட்டி

நுழைவுக் கட்டணம், ஜீப், படகு, டிப்ஸ் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆளுக்கு ஒரு தொகை வாங்கி இலங்கை ரூபாயாக ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு வாசலிலும் 14 பேர் பர்ஸ் திறந்தால் வாசலுக்கு 20 நிமிடம் போகும். கணக்கு எழுதுபவர் வேறொருவராக இருப்பது நல்லது, நட்புக்கு நல்லது என்ற அர்த்தத்தில்.

விலை பேசும்போது எந்த ரூபாய் என்று கேளுங்கள். இந்தியக் குழு என்று தெரிந்தால் சிலர் இந்திய ரூபாயிலும் சிலர் டாலரிலும் சொல்வார்கள். நீங்கள் சந்தோஷப்பட்ட விலை வேறொரு பணத்தில் இருந்திருக்கும்.

தேசியப் பூங்காக் கட்டணம் பலரைக் குழப்பும். ஆளுக்கு நுழைவுக் கட்டணம், அதன் மேல் குழுவுக்குச் சேவைக் கட்டணம், ஜீப்புக்கு ஒரு கட்டணம், மொத்தத்துக்கும் வரி. ஜீப் வாடகை இதில் சேராது. முகவர் "எல்லாம் சேர்த்து" என்று சொன்னால் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை கேட்காமல் விட்டு, பூங்கா வாசலில் இரண்டாம் முறை பணம் கட்டியவன் நான்.

7. விகாரையிலும் பாறையிலும்

தோளும் முட்டியும் மூடிய உடை. செருப்பு, தொப்பி இரண்டும் கழற்ற வேண்டும். பைக்குள் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகல் 11 மணிக்குத் தம்புள்ளைப் பாறையிலோ அனுராதபுரத்துக் கல்தளத்திலோ வெறுங்காலோடு நின்றவர்களுக்குக் காரணம் விளக்க வேண்டாம்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அங்கே அவமதிப்பு. புத்தர் உருவம் பச்சை குத்தியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதை விமானத்தில் ஒருமுறை, முதல் விகாரை வாசலில் ஒருமுறை என்று இரண்டு தடவை சொல்லுங்கள். செல்ஃபி எடுக்கும் கை சொன்னதை மறந்துவிடும்.

சீகிரியாவில் மேலே கழிப்பறை கிடையாது. குளவிக்கூடுகள் இருப்பதால் சத்தம் போடக் கூடாது என்ற பலகை வெறும் அலங்காரம் இல்லை. ஓவியங்களைப் படமெடுக்கத் தடை. சிங்கப் பாதங்கள் இருக்கும் தளம்தான் இயல்பான நிறுத்தம். ஏற முடியாதவர்கள் அங்கேயே உட்காரலாம், மற்றவர்கள் அங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும்.

பொலன்னறுவையில் பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் இருக்கும் கல் விகாரையைப் பார்த்த களைப்பில் எல்லாரும் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. 2ஆம் சிவ தேவாலயம் என்று பலகை வைத்திருப்பார்கள். அது வானவன்மாதேவீச்சரம், 11ஆம் நூற்றாண்டில் சோழர் கட்டிய கற்கோயில், சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வழிகாட்டியிடம் முன்பே சொன்னால் வெயில் ஏறும் முன் அங்கே நிறுத்துவார்.

8. காட்டுக்குள்

ஜீப்பில் ஆறு இருக்கை இருக்கும். நான்கு பேரைத்தான் ஏற்றுங்கள். நடுவில் மாட்டுபவர் மூன்று மணி நேரமும் அடுத்தவர் தோளைத்தான் பார்ப்பார். காசு மிச்சம் என்று ஆறு பேர் ஏறிய ஜீப்பிலிருந்துதான் புகார் வருகிறது.

மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் காடுகள். யானைகள் அன்றைக்கு எங்கே நிற்கின்றன என்பது ஜீப் ஓட்டுநர்களுக்கு மதியமே தெரிந்துவிடும். ஆகவே முன்பதிவில் ஒரே பூங்காவின் பெயரைப் பூட்டிவிடாமல் "அன்றைய நிலவரப்படி" என்று எழுதி வாங்குங்கள்.

யாலவில் நடக்கும் கூத்து வேறு. ஓரிடத்தில் சிறுத்தை என்று செய்தி வந்ததும் எல்லா ஜீப்பும் ஒரே பாதையில் பறக்கும். புழுதியும் நெரிசலும்தான் மிச்சம், சிறுத்தை எப்போதோ போயிருக்கும். ஏறும்போதே ஓட்டுநரிடம் "ஓட வேண்டாம் அண்ணா, ஒரு நீர்நிலையில் நிறுத்திக் காத்திருப்போம்" என்று சொல்லுங்கள். கரடி, முதலை, மயில், கொக்கு வகைகள் எல்லாம் அப்படி நின்றபோதுதான் எங்களுக்குக் கிடைத்தன. குழுவில் ஒருவராவது "புலி எப்போ வரும்?" என்று கேட்பார். அந்தத் தீவில் புலி கிடையாது, சிறுத்தைதான் வேட்டையாடும் பெரிய விலங்கு என்று முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கதிர்காமத்திலிருந்து புத்தள ஊருக்குப் போகும் சாலையில் யானைகள் வண்டியை மறித்துத் தின்பண்டம் கேட்கும். புத்தளம் வேறு, இது வேறு. யாரோ பழக்கிவிட்டதன் விளைவு அது. ஜன்னலை மூடுங்கள், வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள்.

9. கடலில்

தெற்கே தேவேந்திரமுனைக்கு அருகில் கடலடி சட்டென்று ஆழமாகிறது. அதனால்தான் நீலத் திமிங்கலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது. ஆனாலும் படகில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். வாந்தி மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். பசியோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் தின்னாதீர்கள், இரண்டு துண்டு ரொட்டி போதும். ஆட்டம் குறைவான இடம் கீழ்த்தளத்தின் பின்பகுதி.

திமிங்கலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. "பக்கத்துல கொண்டுபோறோம்" என்று கூவி அழைக்கும் படகைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழக்கு வட்டத்தில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் மூச்சுக்குழாய் மாட்டி நீந்தலாம். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது, அதனால் நீச்சல் தெரியாதவர்கள் மணலிலேயே இருக்கட்டும். திருக்கோணேச்சரத்தை மாலைக்கு வையுங்கள்.

குளிக்கும் விஷயத்தில் நான் கறார். சிவப்புக் கொடி இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. கொடி இல்லாத கடற்கரையில் உள்ளூர்க்காரர்கள் இறங்குகிறார்களா என்று பாருங்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருவர் மற்றவரைக் கண்ணில் வைத்திருக்கச் சொல்லுங்கள். தென்கரையில் உள்ள ரெக்காவவில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்கப் போனால் டார்ச், ஃபிளாஷ் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பிவிடும்.

10. சாப்பாடு

சைவக்காரர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். சம்பலிலும் காய்கறிக் கறியிலும் மாசிக்கருவாடு போடுவது அங்கே சாதாரணம். "சைவமா?" என்று கேட்டால் இறைச்சி இல்லை என்ற பொருளில் ஆமாம் என்பார்கள். "மாசி போட்டிருக்கா?" என்று கேளுங்கள். சிங்களத்தில் அதற்கு உம்பலகட என்று பெயர், அந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்தால் போதும். விடியல் புறப்பாடுகளுக்குக் காலை உணவைப் பொட்டலமாக முந்தின இரவு 7 மணிக்குள் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு சமையலறையில் ஆள் இருக்காது.

11. கடைசி நாள்

காலியிலிருந்து அதிவேகச் சாலையில் விமான நிலையத்துக்கு சுமார் 3 மணி நேரம். இரவு விமானம் என்றால் வழியில் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். சீனத் தளபதி செங் ஹ காலியில் நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, சீனம், பாரசீகத்தோடு தமிழிலும் எழுதியது. அதிகாலை விமானம் என்றால் முந்தின இரவே நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். மிரிஸ்ஸவிலிருந்து நள்ளிரவில் கிளம்பலாம் என்ற யோசனை காகிதத்தில்தான் நன்றாக இருக்கும்.

ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் அன்பளிப்பைத் தனித்தனி உறையில் போட்டு, விமான நிலையத்துக்கு முந்தின தேநீர் நிறுத்தத்தில் கொடுங்கள். வாசலில் பெட்டி இறக்கும் அவசரத்தில் யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பொதுப் பெட்டியில் மிஞ்சிய இலங்கை ரூபாயை உள்ளே போகும் முன் மாற்றி, அங்கேயே ஆளுக்குப் பிரித்துவிடுங்கள். பேருந்தை அனுப்பும் முன் கடைசி இருக்கைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள், ஒரு சார்ஜராவது கிடக்கும்.